துபாய் 9,500 திர்ஹமா, கோவையில் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பா?

கேள்வி: கோவையில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் எட்டு ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறேன். வயது 37. எம்.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பத்தாம் வகுப்பு நிலைப் பன்னாட்டுப் பாடத்திட்ட வகுப்புகளும், ஐ.பி. டிப்ளமோ என்ற மேல்நிலைப் பன்னாட்டுப் பாடத்திட்ட வகுப்புகளும் எடுக்கிறேன். சம்பளம் மாதம் 85,000 ரூபாய். அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 45,000. கணவர் பம்ப் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார், 52,000 வாங்குகிறார். வீட்டுக் கடன் தவணை 29,000. குடும்பச் செலவு 50,000. ஒன்பது வயது மகள் என் பள்ளியிலேயே சலுகைக் கட்டணத்தில் படிக்கிறாள். துபாயில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்று 9,500 திர்ஹம் தர முன்வந்திருக்கிறது. அடிப்படை 4,000, வீட்டு வாடகை உட்பட மற்றப் படிகள் 5,500. மகளுக்குப் பாதிக் கட்டணம். ஜனவரியில் சேரச் சொல்கிறார்கள். இங்கே முதல்வர், டிப்ளமோ ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் கூடுதலாக 15,000 ரூபாயும் தருவதாகச் சொல்கிறார். வரியில்லாத சம்பளத்தை விட வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள். போகலாமா?

பதில்: இந்தக் கடிதத்தில் உள்ளபடி, குடும்பத்தோடு, ஜனவரியில் என்றால் போக வேண்டாம். நிபந்தனைகள், குடும்பம், ஜனவரி என்ற இந்த மூன்றில் இரண்டு மாறினால் என் பதிலும் மாறும்.

முதலில் அந்த ‘வரியில்லாத சம்பளம்’. எமிரேட்ஸில் தனிநபர் வருமான வரி கிடையாது என்பது உண்மை. ஆனால் நீங்கள் இங்கே மட்டும் என்ன வரி கட்டுகிறீர்கள்? உங்கள் ஆண்டுச் சம்பளம் 10,20,000 ரூபாய். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில், நிலைக் கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்தால், மாதச் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லை. ஒருங்கிணைப்பாளராகி 12 லட்சம் வாங்கினாலும் அதே நிலைதான். ஆண்டுக்கு முப்பது லட்சம் வாங்கும் மென்பொருள்காரருக்கு துபாய் வரியை மிச்சப்படுத்தும். உங்களுக்கு மிச்சப்படுத்த ஒன்றுமில்லை.

அடுத்து, 9,500 திர்ஹம். கணக்குக்கு ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 2,28,000 ரூபாய் வருகிறது. உறவினர்கள் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அதை 85,000-க்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் திர்ஹமில் சம்பாதிப்பவர் திர்ஹமில்தான் வாடகை கட்ட வேண்டும்.

மூன்று பேருக்கு ஒரு படுக்கையறை ஃபிளாட். ஆண்டு வாடகை 60,000 திர்ஹம் என்று மிதமாகவே போடுவோம், மாதம் 5,000. மின்சாரம், தண்ணீர் பில்லோடு நகராட்சி வசூலிக்கும் வீட்டுக் கட்டணம் ஆண்டு வாடகையில் 5 சதவீதம், மாதம் 250. மின்சாரம், தண்ணீர் 500. தொலைபேசி, இணையம் 500. மளிகை, காய்கறி 1,800. போக்குவரத்து 700. மகளின் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 40,000 என்றால் உங்கள் பாதி மாதம் ஏறக்குறைய 1,670. துபாயில் உங்கள் மருத்துவக் காப்பீடுதான் முதலாளியின் சட்டப் பொறுப்பு. கணவருக்கும் மகளுக்கும் எடுப்பது விசாவுக்குப் பொறுப்பேற்கும் உங்கள் கடமை. அதற்கு மாதம் 170 வையுங்கள். கூட்டினால் 10,600-ஐ ஒட்டி நிற்கிறது. சம்பளமே 9,500. கோவைக் கடன் தவணைக்கு இன்னும் வரவே இல்லை.

கணவரும் அங்கே வேலைக்குப் போவார் என்பீர்கள். உங்கள் விசாவில் வருபவர் பணி அனுமதி பெற்று வேலை செய்யலாம், தடையில்லை. வளைகுடா அனுபவம் இல்லாத கணக்கருக்கு 5,000 திர்ஹம் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். இருவர் வருமானம் 14,500. செலவு போக 3,900. அதாவது 93,600 ரூபாய். தவணை 29,000 போனால் 64,600. கோவை வீட்டை 14,000-க்கு வாடகைக்கு விட்டால் 78,600. இங்கேயே ஒருங்கிணைப்பாளராக இருந்தால் இருவர் வருமானம் 1,52,000. தவணையும் குடும்பச் செலவும் போக மிச்சம் 73,000. வித்தியாசம் மாதம் 5,600 ரூபாய். குடும்பத்தையே வேரோடு பெயர்த்துக்கொண்டு போவதற்கு இது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள். அதுவும் கணவருக்கு முதல் நாளிலிருந்தே வேலை இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

போய் இறங்கியதும் வரும் செலவை யாரும் சொல்வதில்லை. துபாயில் வாடகையை மாதாமாதம் கொடுப்பது அரிது. ஆண்டு வாடகைக்கு நான்கு செக், சில இடங்களில் இரண்டு, முன்தேதியிட்டுக் கொடுக்க வேண்டும். முதல் செக் 15,000 திர்ஹம். பிணைத்தொகை 5 சதவீதம், 3,000. தரகருக்கு 5 சதவீதம், இன்னொரு 3,000. மின்சார இணைப்புக்கு முன்பணம் 2,000. மொத்தம் 23,000 திர்ஹம். ஐந்தரை லட்சம் ரூபாய். இதில் ஒரு கட்டில்கூட இல்லை. செக் புத்தகம் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு எமிரேட்ஸ் அடையாள அட்டை வேண்டும், அட்டை வரச் சில வாரம் ஆகும். அதுவரை தங்கும் இடத்தை யார் தருவார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பள்ளியிடம் கேட்டீர்களா?

நீங்கள் மட்டும் போனால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வேறு ஆசிரியைகளோடு பகிர்ந்துகொள்ளும் ஃபிளாட்டில் ஓர் அறை 2,500, சாப்பாடு 900, பஸ்ஸும் மெட்ரோவும் 350, தொலைபேசி 250. 4,000 போக 5,500 திர்ஹம், 1,32,000 ரூபாய் மிஞ்சும். ஊரில் உங்கள் சாப்பாட்டுச் செலவு குறையும். மகளின் சலுகைக் கட்டணம் போய்விடும். ஆக அந்த 50,000 அப்படியே இருக்கும். கணவர் சம்பளத்தில் தவணையும் செலவும் போக விழும் துண்டு 27,000-ஐக் கழித்தால் கையில் 1,05,000. இங்கே தங்குவதைவிட மாதம் 32,000 அதிகம். வளைகுடாப் பணம் என்று ஊரில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இப்படிக் குடும்பம் ஊரில் இருக்க, ஒருவர் மட்டும் போய்ச் சேர்த்த பணம்தான். ஒன்பது வயதுப் பெண்ணை இரண்டு ஆண்டு விட்டுப் பிரிந்திருப்பதற்கு 7,68,000 ரூபாய் விலையா என்ற கேள்விக்குக் கணக்கு பார்ப்பவனிடம் பதில் கிடையாது. நீங்கள் இருவரும் மகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

அடிப்படைச் சம்பளம் 4,000 என்பது எனக்குப் பிடிக்கவில்லை. எமிரேட்ஸில் வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். படிகள் அதில் சேராது. ஓராண்டாவது முடித்திருக்க வேண்டும். 4,000 அடிப்படையில் இரண்டு ஆண்டுக்கு 5,600 திர்ஹம் வரும். அதே 9,500-இல் அடிப்படையை 6,500 ஆக்கச் சொன்னால் 9,100 வரும். பள்ளிக்கு மாதச் செலவில் ஒரு திர்ஹம்கூட ஏறாது. உங்களுக்கு 84,000 ரூபாய். அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஊதிக் காட்டுவது பல பள்ளிகளின் பழக்கம். கேட்பவருக்குச் சில இடங்களில் மாற்றியும் தருகிறார்கள்.

அடுத்து அந்த ஜனவரி. ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் இருந்துவிட்டால் நீங்கள் வரிச் சட்டப்படி உள்நாட்டவர். உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஜனவரியில் கிளம்பினால் ஏற்கெனவே ஒன்பது மாதம் இங்கே இருந்தாயிற்று. ஒன்பது மாத இந்தியச் சம்பளம் 7,65,000. ஜனவரி முதல் மார்ச் வரை துபாய்ச் சம்பளம் 6,84,000. மொத்தம் 14,49,000. வரி ஏறக்குறைய 90,000 ரூபாய். வரியில்லாத சம்பளத்தைத் தேடிப் போன முதல் ஆண்டிலேயே, இங்கேயே இருந்தால் கட்ட வேண்டியிராத வரியைக் கட்டுவீர்கள்! ஆகஸ்டில் போனால் இந்தத் தொல்லை இல்லை. செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறினாலே 182 நாள் வராது. ஆனால் விடுமுறைக்கு ஊர் வந்து தங்கும் நாட்களும் எண்ணிக்கையில் சேரும் என்பதால் அவ்வளவு இழுக்க வேண்டாம். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அங்கே கல்வியாண்டு தொடங்குவதே ஆகஸ்ட் கடைசியில்தான். ஜனவரிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றால் நடுவில் ஓர் ஆசிரியர் கிளம்பிவிட்டார் என்று பொருள். ஏன் கிளம்பினார் என்று நாசூக்காக விசாரியுங்கள்.

தகுதிகாண் காலம் அங்கே ஆறு மாதம் வரை இருக்கலாம். அதற்குள் 14 நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்து அவர்கள் உங்களை அனுப்பிவிட முடியும். ஆகவே அந்த ஆறு மாதம் முடியும்வரை கணவர் ராஜினாமா செய்யவே கூடாது. கணவரோடுதான் போவோம் என்று முடிவெடுத்தாலும் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்.

இனி உங்கள் தொழில். இதில்தான் நீங்கள் உங்களைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐ.பி. டிப்ளமோ இயற்பியலைப் பல ஆண்டு நடத்திய ஆசிரியருக்கு ஐ.பி. பள்ளியில்தான் முழு மதிப்பு. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் அந்த அனுபவம் பாதி வீணாகிறது. அங்கே அவர்கள் முதலில் தேடுவது இங்கிலாந்தின் கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதியை. அது இல்லாததால் உங்களைக் கீழ்ப்படியில் வைத்திருக்கக்கூடும். 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இங்கிலாந்துக் கல்வித் துறையின் இணையதளம் வழியாக அதற்கு விண்ணப்பிக்கலாம். நம்மவர்களுக்கு 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கற்பிக்கும் கணிதம், அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்கள் மட்டும் என்ற வரம்பு உண்டு. இயற்பியல் அதற்குள் வருகிறது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பன்னாட்டு பி.ஜி.சி.இ. என்ற பிரிட்டிஷ் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை இதற்காக வாங்கிவிடாதீர்கள். அது மட்டும் கியூ.டி.எஸ். தகுதியைத் தராது.

முதல்வர் தரும் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைப் பலர் ‘கூடுதல் வேலை, 15,000 ரூபாய்’ என்று தள்ளிவிடுவார்கள். தேர்வுப் பதிவு, கட்டுரைக் கெடு, பல்கலைக்கழக விண்ணப்பம் என்று அது உயிரை வாங்கும் வேலை என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு அதைச் செய்தவர் வெளிநாட்டு ஐ.பி. பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது வெறும் வகுப்பாசிரியர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அடுத்த ஆகஸ்டுக்கான ஆள் தேடலை நல்ல பள்ளிகள் முந்தைய நவம்பரிலேயே தொடங்கிவிடுகின்றன. நேரம் இருக்கிறது.

ஆகவே துபாய்ப் பள்ளிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: ஆகஸ்டில் சேர்கிறேன், மொத்தத்தை மாற்றாமல் அடிப்படையை 6,500 ஆக்குங்கள், மகளுக்கு முழுக் கட்டண விலக்கு, படிக்குப் பதிலாகப் பள்ளி வீடு, அல்லது முதல் மாதத் தங்குமிடமும் வாடகை முன்பணமும். ஒப்பந்தம் ஜூனில் முடிகிறதா ஆகஸ்டில் முடிகிறதா என்றும் கேளுங்கள். ஜூனில் முடித்துவிட்டால் கடைசி ஆண்டில் இரண்டு மாதச் சம்பளம் காணாமல் போகும். வீடும் முழுக் கட்டண விலக்கும் ஆகஸ்டும் கிடைத்தால் குடும்பத்தோடு போவதும் நியாயமே. கேட்டதில் எதையுமே தர மறுத்தால் முதல்வரிடம் சரி என்று சொல்லிவிடுங்கள்.

எப்போது விலகினாலும் இங்கே வர வேண்டியதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை கிடையாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். தவறு. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களுக்கும் பொருந்தும் என்று ஆக்கினார்கள். உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் அதை உறுதிசெய்தது. ஐந்து ஆண்டு தாண்டியவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கில். 45,000 ரூபாய்க்கு எட்டு ஆண்டில் 2,07,692 ரூபாய் வருகிறது. வருங்கால வைப்பு நிதியில் ஓய்வூதியப் பகுதிக்குப் பத்து ஆண்டு வேண்டுமே, இன்னும் இரண்டு ஆண்டு இருக்கலாமா என்று யோசிக்காதீர்கள். 15,000 ரூபாய் உச்சவரம்பில் பத்து ஆண்டுக்கான ஓய்வூதியம் மாதம் 2,143 ரூபாய்தான். பணத்தை எடுக்காமல், பணியாற்றிய ஆண்டுகளைக் காட்டும் திட்டச் சான்றிதழை வாங்கி வைத்தால், பிறகு திரும்பி வந்து வேலை பார்க்கும்போது இந்த எட்டு ஆண்டும் சேர்த்து எண்ணப்படும்.

போவது உறுதியானால் சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியர் உள்நாட்டு வருமானத்துக்கு வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது.

எமிரேட்ஸுக்கு, பல நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் என்ற சான்றொப்ப முத்திரை போதாது. மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், எமிரேட்ஸ் தூதரகம் என்று பட்டச் சான்றிதழ் வரிசையாகப் போய் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் அசல் வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது அசலை வாங்கி வைத்துக்கொண்ட பள்ளிகள் உண்டு. உங்களுடையது அலுவலக அலமாரியில் இருந்தால், துபாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் முன் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.