கேமரா பாடியை மாற்றலாமா? பறவைப் படக் கேள்வி-பதில்

சோனி ஏ6400, 200-600 லென்ஸ் வைத்திருக்கிறேன். ஃபுல் ஃப்ரேமுக்கு (படம் பதியும் சென்சார் இதைவிடப் பெரிதாக உள்ள கேமராவுக்கு) மாறினால் தூரத்துப் பறவை பெரிதாக வருமா?

வராது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் அதே பறவையை அதே இடத்திலிருந்து எடுத்து, இப்போது கிடைக்கிற அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10 மெகாபிக்சல்தான். பறவை ஃப்ரேமை நிறைக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பெரிய சென்சாரால் லாபம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஏ6700 பாருங்கள். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் அதில் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை.

நிகான் இசட்50. பறக்கும் பறவை பத்தில் இரண்டுதான் ஃபோகஸ் ஆகிறது.

ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு மேல் வைத்தும் இப்படித்தானா? அப்படியென்றால் தாராளமாக அடுத்த மாடலான இசட்50 டூவுக்கு மாறுங்கள். லென்ஸை விற்காதீர்கள்.

கேனான் ஆர்10, 100-400. படம் எல்லாம் கூர்மையே இல்லாமல் சோப்பு மாதிரி வருகிறது. ஆர்7 வாங்கினால் சரியாகுமா?

மாதம் நாலு கடிதமாவது இப்படி வருகிறது. ஷட்டர் எவ்வளவு, எத்தனை மணிக்கு எடுத்தது, பறவை எவ்வளவு தூரம், ஒன்றும் எழுதுவதில்லை. இது தெரியாமல் நான் எதை வைத்துச் சொல்ல?

நல்ல வேளை, இவர் ஒரு படத்தை இணைத்திருந்தார். வேடந்தாங்கல், பகல் 12 மணி 20 நிமிடம், ஷட்டர் 1/400. ஏரி நடுவே மரத்தில் ஒரு கூழைக்கடா. பெரிதாக்கிப் பார்த்தேன். அலகின் விளிம்பு நேர்கோடாக இல்லை, தண்ணீருக்குள் கிடக்கும் குச்சி மாதிரி நெளிகிறது. பின்னால் இருக்கும் கிளைகளும் அப்படியே. ஃபோகஸ் தவறியிருந்தால் வேறு ஏதாவது ஒரு இடமாவது கூர்மையாக இருக்கும். இதில் எங்குமே இல்லை. இது கானல். வெயில் ஏறினால் சூடான காற்று அலைகிறது, 100 மீட்டர் தாண்டி எடுக்கும் எல்லாமே அதன் வழியாகத்தான் வருகிறது. லட்ச ரூபாய் பாடி போட்டாலும் அதே காற்றுதான். ஆர்7-இன் 32 மெகாபிக்சல் அந்த நெளிவை இன்னும் விவரமாகக் காட்டும், அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கு வீட்டு மதிலில் உட்காரும் மைனாவை 20 அடியிலிருந்து 1/1000-இல் எடுங்கள். கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் தோலின் ஓரம் வெட்டினாற்போல் வந்தால் உங்கள் கேமராவில் குறையே இல்லை. வரவில்லையென்றால் அந்தப் படத்தை அனுப்புங்கள், பேசலாம். பணம் செலவழிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி எத்தனை முறை எழுதிவிட்டேன்! அந்தப் பணத்தில் சீசன் முழுக்க விடிகாலையில் ஏரிக்குப் போய் வரலாம்.

200-600 லென்ஸுக்கு, தூரத்தை இரண்டு மடங்கு இழுக்கும் 2எக்ஸ் கன்வெர்ட்டர் போடலாமா?

வேண்டாம். இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய், அதாவது நாலில் ஒரு பங்குதான் மிஞ்சி, 600 முனையில் லென்ஸின் திறப்பு எஃப்13 ஆகிவிடும். ஃபோகஸும் தடுமாறும். தூரத்துப் பறவை என்றால் கானலும் சேரும், அதைப் பற்றி மேலே படியுங்கள்.

மீன்கொத்தி பாயும் நொடியை என் கை பிடிப்பதே இல்லை. புது பாடி உதவுமா?

இது நியாயமான காரணம். பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்துப் பதிவு செய்யும் ப்ரீ-கேப்சர் உள்ள பாடியாகப் பாருங்கள். ஆர்7-இலும் உண்டு. ஆனால் அதில் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாக மெதுவாகப் படிப்பதால், அடிக்கும் சிறகு வளைந்து விழும். ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 கேமரா இதில் மேல். கருப்பு வெள்ளை மீன்கொத்தி என்றால் எதுவும் வேண்டாம், பாயும் முன் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும். அதற்குள் தயாராகிவிடலாம்.

சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுக்கலாம்தானே?

கூடாது. பறவை பயப்படுவது உங்களைப் பார்த்து, ஷட்டரைக் கேட்டு இல்லை. தாய் எழுந்து போனால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். இதற்காகவென்றால் அந்தக் கேமராவை வாங்கவே வாங்காதீர்கள்.