வேலை தேடும் தளத்து ப்ரொஃபைலில் என் திறமைக்கு 5-க்கு எத்தனை ஸ்டார் போட்டுக்கொள்ளலாம்?

கேள்வி கேட்டவர் டிப்ளமோ முடித்து, சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) கோர்ஸ் ஒன்றுக்கும் போய்வந்த தம்பி என்று வைத்துக்கொள்கிறேன். குறைத்துப் போட்டால் கூப்பிடமாட்டார்கள், கூட்டிப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்கிற பயம் நியாயமானதுதான். கோவை கணபதி பக்கம் சின்னதாக ஜாப் ஒர்க் பட்டறை, கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுப்பது, வைத்திருக்கிறேன். ஆள் எடுப்பது நான்தான்.

ஸ்டாரை நான் பார்ப்பதே இல்லை. ஒருமுறை ஒரே வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பையன், ஃபேனக் (மெஷின் கன்ட்ரோலின் பிராண்ட்) புரோகிராமிங் 5, செட்டிங் (டூலையும் பீஸையும் மெஷினில் பொருத்தித் தயார்செய்வது) 5, ட்ராயிங் படிப்பது 5. இன்னொருவர் சிங்காநல்லூர்க்காரர், வயதானவர், ப்ரொஃபைலே மகள் போட்டுக்கொடுத்ததாம். எல்லாவற்றுக்கும் 2.

இருவருக்கும் ஒரே ட்ராயிங். விட்டம் 40 மி.மீ., டாலரன்ஸ், அதாவது சைஸ் விலகலாம் என்கிற அளவு, 0.02. பையன் ஜி71 சைக்கிளை (பொருளைப் படிப்படியாக வெட்டிக் குறைக்கும் கட்டளை) மளமளவென்று அடித்தான், அதில் குறை சொல்ல முடியாது. முதல் பீஸ் 0.06 பெரிதாக வந்தது. ஆஃப்செட்டில் (டூலின் இடத்தைத் திருத்தும் எண்) குறைக்க வேண்டியதற்குப் புரோகிராமைத் திருத்தப் போய்விட்டான். பெரியவரோ ட்ராயிங்கைப் பார்த்ததும், "ஏனுங்க, இது முடிஞ்ச சைஸுங்களா, இதுக்கு மேல கிரைண்டிங் இருக்குதுங்களா?" என்றார். அப்புறம் வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக விட்டு ஒரு வெட்டு ஓட்டினார், மைக்ரோமீட்டரில் அளந்தார், வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்த எண்) மீதியைக் குறைத்தார். அடுத்த வெட்டில் சைஸ்.

"பின்னே ஏனுங்க 2 போட்டீங்க?"

"மேக்ரோ புரோகிராம் எல்லாம் வராதுங்களே."

பையனுக்கு மேக்ரோ, அதாவது கணக்கும் நிபந்தனையும் வைத்து எழுதும் புரோகிராம், என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் 5. கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியல்காரர்கள் டன்னிங்கும் க்ரூகரும் 1999-இல் எழுதிய கட்டுரையில் இதுதான் இருக்கிறது. தேர்வில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் உண்மையான இடம் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரைத் தாண்டிய இடம்; அவர்கள் நினைத்துக்கொண்டதோ அறுபத்திரண்டு பேரை. முதல் கால்பங்கினர் தங்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அதில் பாதி புள்ளியியல் மாயை என்று வாதாடுகிறவர்களும் உண்டு, தெரியும், கமெண்டில் வந்து வகுப்பெடுக்க வேண்டாம். லிங்க்ட்இன்னில் 2012-இல் வந்த எண்டார்ஸ்மென்ட்டும் (இவருக்கு இந்தத் திறமை உண்டு என்று மற்றவர் தட்டுவது) பெரிய வித்தியாசமில்லை, கிளாஸ்மேட்டுகள் மாறிமாறித் தட்டிக்கொள்வதுதான்.

ஐரோப்பாவில் மொழித் திறனுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் இருப்பவரால் என்ன செய்ய முடியும் என்று அதிலேயே எழுதியிருக்கும். நீங்களும் அப்படியே எழுதுங்கள். "புரோகிராம் கொடுத்தால் செட் செய்து முதல் பீஸ் எடுப்பேன். ஜி76 கட்டளையில் த்ரெட் (மரை) போட்டிருக்கிறேன். மில்லிங் தொட்டதில்லை." இப்படி வந்தால் நான் அன்றைக்கே போன் செய்வேன். ஸ்டார் கட்டாயம் என்று கேட்கிற தளமாக இருந்தால் 3 போட்டுவிட்டுக் கீழே இதை எழுதுங்கள்.

சம்பளத்தைக் குறைக்க முதலாளி அடக்கம் பேசுகிறான் என்று யாராவது கிளம்புவீர்கள். பெரியவருக்கு அவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். பையனையும் ஆபரேட்டராக எடுத்தேன், இப்போது நன்றாகவே செட்டிங் பார்க்கிறான்.

தனக்குத்தானே மார்க் போடுவதில் கம்பெனிகளை யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆர்டர் தரும் ஒரு கம்பெனி, சப்ளையர்களைக் குடும்பம்போலப் பார்க்கிறோம் என்று இணையதளத்தில் எழுதியிருக்கிறது. சிறுதொழிலுக்கான 2006 சட்டப்படி, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். தீபாவளிக்கு முன் அனுப்பிய பில், பொங்கலே முடிந்துவிட்டது. இன்றைக்கும் போன் அடித்தேன், அக்கவுண்ட்ஸ்காரர் லீவாம்.