துருக்கியிலிருந்து திரும்பிய பின் வீட்டில் மனம் ஒட்டவில்லை

கேள்வி: எனக்கு 53 வயது. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, திருச்சியில் கணவர், மாமியார், பொறியியல் படிக்கும் மகன் ஆகியோருடன் வாழ்கிறேன். சென்ற மாதம் கல்லூரித் தோழியர் இருவருடன் மூன்று வாரம் துருக்கிக்குப் போய்வந்தேன். இஸ்தான்புல், கப்படோக்கியா, கொன்யா, பமுக்கலே, எபேசஸ் என்று சுற்றினோம். திரும்பி வந்தது முதல் வீட்டில் மனம் ஒட்டவில்லை, உறக்கமும் சரியில்லை. யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பயணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "மனசைத் துருக்கியிலேயே விட்டுட்டு வந்துட்டியா?" என்கிறார் கணவர். மிக்ஸி ஓடும்போது யாருக்கும் கேட்காது என்று சமையலறையில் நின்று அழுகிறேன். நான் சுயநலக்காரியா? தோழியர் அடுத்த குளிர்காலத்தில் அங்காராவிலிருந்து கார்ஸ் வரை ரயிலில் போகலாம் என்கிறார்கள். அதை வீட்டில் எப்படிக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சுயநலக்காரி அல்ல. ஊர் பார்க்கும் ஆசையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு, மகன் கல்லூரியில் சேர்ந்த பிறகு, சொந்தச் சேமிப்பில் போய்வந்த ஒருவர் அந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளத் தேவையே இல்லை.

உங்கள் கடிதத்தின் சுருக்கத்தைத்தான் மேலே வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தைப் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். 537-இல் கட்டி முடிக்கப்பட்டு, தேவாலயமாகவும் மசூதியாகவும் அருங்காட்சியகமாகவும் இருந்து, 2020 முதல் மீண்டும் மசூதியாகியிருக்கும் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவுக்கு நீங்கள் ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். எபேசஸின் செல்சஸ் நூலகத்துக்கு அதுவும் இல்லை. ஆனால் அதே நகரில் எமினோனு கரையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள கடிக்கோய்க்குப் போகும் படகைப் பற்றி ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள்: கையில் சிறிய கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேநீர், கூடவே பறந்து வரும் கடற்புறாக்கள், தோழியர் விடுதியில் உறங்கிக்கொண்டிருக்க நீங்கள் மட்டும் தனியே கிளம்பி வந்த அந்தக் காலை. அன்று நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது, யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, நீங்கள் ஏங்குவது துருக்கிக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. எப்போது எழுவது, எந்தத் தெருவில் திரும்புவது, எதைச் சாப்பிடுவது என்பதையெல்லாம் நீங்களே தீர்மானித்த அந்த நாட்களுக்காகத்தான் ஏங்குகிறீர்கள். துருக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒரு நாளில் சில மணி நேரத்தை உங்கள் வசம் வைத்துக்கொள்வது திருச்சியிலும் முடியும்.

அதற்கு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் இல்லாத மூன்று வாரமும் கணவர் காலையில் டிகாக்‌ஷன் இறக்கிக் காபி போட்டிருக்கிறார். மகன் துணி துவைத்து, ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை ஒருமுறை மாறிப்போய், பிறகு கணவரே ஒரு தாளில் வேளை வாரியாக எழுதி ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கிறார். இவ்வளவையும் போகிற போக்கில் இரண்டு வரியில் எழுதிவிட்டு, "வந்த அன்றே எல்லாவற்றையும் பழையபடி ஒழுங்குபடுத்திவிட்டேன்" என்று முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது என்று நினைக்கிறேன். உங்கள் கைகளிலிருந்து மூன்று வாரமாக இறங்கியிருந்த வேலைகளை, யாரும் கேட்காமலே, ஒரே நாளில் நீங்களே மீண்டும் ஏந்திக்கொண்டீர்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால், தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை ஒருவரும் பாராட்டவில்லை. அது சரியில்லை என்பதுபோல் பிடுங்கிக்கொள்ளவும் பட்டது. உங்கள் பயணத்தை அவர்கள் கேட்கவில்லை என்கிறீர்களே, அந்த மூன்று வாரம் வீடு எப்படி ஓடியது என்று நீங்கள் கேட்டீர்களா? மாத்திரை மாறிய அன்று கணவர் எவ்வளவு பயந்திருப்பார்! அதை முதலில் கேளுங்கள். குறுக்கிடாமல், திருத்தாமல், முழுவதையும் கேளுங்கள்.

அடுத்ததாக, காலைக் காபியையும் துணியையும் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பேச்சை "அங்கெல்லாம்..." என்று துருக்கியிலிருந்து தொடங்க வேண்டாம், ஒப்பிட்டுப் பேசினால் கேட்பவர் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்வார். "நீங்க போட்ட காபி நல்லா இருந்ததுன்னு அத்தை சொன்னாங்க. இனி காலையில நீங்களே போடுங்க. நான் ஒரு மணி நேரம் நடந்துட்டு வரேன்" என்று நேராகச் சொன்னால் போதும். காபி தண்ணீராக இருந்தாலும் குடித்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேர நடை உங்களுக்கு மிகவும் அவசியம். இஸ்தான்புல்லின் மேடு பள்ளங்களிலும் கப்படோக்கியாவின் பள்ளத்தாக்குகளிலும் நாள் முழுவதும் நடந்து பழகிய உடல், இப்போது நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கிறது. உறக்கம் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வருந்தாமல் படியுங்கள். கப்படோக்கியாவின் கோரெமே ஊரில் தங்கிய விடுதியில் தினமும் காலை மேசை நிறைய ஆலிவ், பாலாடைக்கட்டி, தேன், தக்காளியும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கிண்டிய முட்டை என்று பரப்பியிருந்ததையும், அந்த மக்கள் எவ்வளவு நிதானமாக வாழ்கிறார்கள் என்றும் வியந்து எழுதியிருக்கிறீர்கள். அந்த மேசையை நிரப்பிய வீட்டம்மாள் உங்களுக்கு முன்பே எழுந்து அடுப்பருகே நின்றிருப்பார். நீங்கள் கண்டது விருந்தினரின் காலை. துருக்கியின் பெண்கள் எல்லாம் படகில் தேநீர் அருந்திக்கொண்டிருக்க நீங்கள் மட்டும் சமையலறையில் சிக்கிக்கொண்டதாக எண்ணி மனத்தை வருத்திக்கொள்ளாதீர்கள்.

பயணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் ஆயிரக்கணக்கான படங்களை ஒரே மாலையில் தொலைக்காட்சியில் ஓட்டிக் காட்டினால் யாருக்கும் அலுத்துவிடும். கேட்பவருக்கு எது பிடிக்குமோ அதைத் தேர்ந்து, ஒரு மாலைக்கு ஒன்று என்று சொல்லுங்கள். மகனுக்கு டெரின்குயுவைச் சொல்லலாம்: எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறையைக் குடைந்து, ஏறக்குறைய 85 மீட்டர் ஆழம் வரை அடுக்கடுக்காக இறங்கும் நிலத்தடி நகரம், அவ்வளவு ஆழத்துக்கும் காற்று போக வெட்டிய நீண்ட துளைகள், பகைவர் வந்தால் வழியை அடைக்க உள்ளிருந்து உருட்டும் வட்டக் கற்கதவுகள். பொறியியல் படிக்கும் பிள்ளை அதற்குக் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார். மாமியாருக்குக் கொன்யாவைச் சொல்லுங்கள். 1273 டிசம்பர் 17-இல் மறைந்த சூஃபிக் கவிஞர் ரூமியின் அடக்கத்தலத்தில், உள்ளங்கைகளை விரித்து நின்று கண்ணீரோடு வேண்டிக்கொள்ளும் முதிய பெண்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நாள்தோறும் பூசையறையில் ஒரு மணி நேரம் அமர்பவர் உங்கள் மாமியார். அந்தப் பெண்களை உங்கள் கணவரைவிட அவர் நன்றாகப் புரிந்துகொள்வார். கணவருக்கு எது என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் வீட்டாரிடமே சொல்லித் தீர்க்க வேண்டும் என்பதும் இல்லை. சிலவற்றைத் தோழியரிடம் மட்டுமே பேச முடியும். வாரம் ஒருமுறை அவர்களை அழைத்துப் பேசுங்கள்.

உறக்கத்தைப் பற்றி: துருக்கிக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடுதான். அது ஒரு மாதம் உறக்கத்தைக் கெடுக்காது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதை ஒட்டி உறக்கம் குறைவதும், காரணமின்றி அழுகை வருவதும் பல பெண்களுக்கு நேர்வது. தைராய்டு குறைவாலும் மனச்சோர்வு வரலாம். ஆகவே இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். அழுகை நாள்தோறும் தொடர்ந்தாலோ, பசி போனாலோ, எதிலும் பிடிப்பே இல்லை என்று தோன்றினாலோ, மனநல மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம்.

கார்ஸ் பயணத்தைக் கேட்கலாமா என்றால், கேளுங்கள். ஆனால் அனுமதி கேட்பவராக அல்லாமல், திட்டத்தை முன்வைப்பவராகப் பேசுங்கள். அங்காராவிலிருந்து கார்ஸுக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், ஒரு முழு நாளுக்கும் மேல் ஓடும் ரயில். குளிர்காலத்தில் அந்தப் பகுதி பனியில் உறைந்து கிடக்கும் என்பதால், உடுப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பருவக் காலத்தில் படுக்கை வசதியுள்ள பெட்டிகளில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே முன்பதிவு எப்போது தொடங்குகிறது என்பதைத் தோழியர் இப்போதே விசாரிக்கட்டும். போகும் தேதி, மொத்தச் செலவு, அந்த நாட்களில் மாமியாருக்குத் துணை யார் என்ற மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு, கணவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பேசுங்கள். அவரும் வர விரும்புகிறாரா என்று உண்மையாகவே கேளுங்கள். அவர் வருவதாகச் சொன்னால், தோழியரின் சம்மதத்தைப் பெற்ற பிறகே டிக்கெட் எடுங்கள்.