உலக முடிவுக்குப் போய்த் திங்கள் காலைக்குள் திரும்ப முடியுமா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படிக்கப் போன நாட்டில் சனி ஞாயிறு ஊர் சுற்றுவதைப் பற்றித்தான். இங்கே இலங்கைக்கு வந்து படிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், இங்கிருந்து போனவர்களும், போனவர்களைப் பெற்றவர்களும். நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வேலூரிலிருந்து வந்து கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். ஒரே வார இறுதியில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி, எல்ல, சிவனொளிபாதமலை நான்கையும் பார்த்துவிடலாம் என்று நண்பர்கள் திட்டம் போடுகிறார்கள். மேப்பில் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் தெரிகிறது. திங்கள் எட்டு மணிக்கு லேப் இருக்கிறது. முடியுமா?

முடியாது தம்பி. மேப்பை மூடி வையுங்கள். மலைநாட்டில் கிலோமீற்றரை எண்ணிப் பயனில்லை, மணியைத்தான் எண்ண வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர்தான், ஆனால் றம்பொடை வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கி ஏறி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும், அதுவும் முன்னால் மரக்கறி லொறி ஒன்றும் அகப்படாமல் இருந்தால்.

ஹோட்டன் சமவெளியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உலக முடிவு என்ற அந்த மலை விளிம்பில் நின்று ஏறக்குறைய 880 மீற்றர் கீழே பார்க்க வேண்டுமென்றால் காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் அங்கே இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் பெரும்பாலும் வெள்ளை மூட்டத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. பூங்காவுக்குள் பஸ் போகாது, நுவரெலியாவில் வேன் பேசி விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். அதாவது வெள்ளிக்கிழமை இரவே நுவரெலியாவில் தங்கியாக வேண்டும். வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எல்லாம் வாங்கி வைத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரித்து எடுப்பார்கள், ஆகவே சாப்பாட்டை வாழை இலையிலோ டப்பாவிலோ கொண்டுபோங்கள். இது முடிந்து நுவரெலியா வந்து சாப்பிட்டால் சனிக்கிழமை முடிந்த மாதிரிதான். ஞாயிறு காலையில் சீதா எலியவில் சீதையம்மன் கோயிலையும், கொஞ்சம் தள்ளி ஹக்கல பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டு மதிய பஸ்ஸில் ஏறினால் திங்கள் லேபில் கண் திறந்திருக்கும். சொன்ன நான்கில் இரண்டுக்கே ஒரு வார இறுதி சரியாகிவிட்டது, பாருங்கள்.

சிவனொளிபாதமலை தனிக் கதை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் பருவகாலம், அப்போதுதான் வழி நெடுக விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும். நல்லதண்ணியிலிருந்து இரவு ஒன்று இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியும்போது உச்சியில் நிற்கலாம், உயரம் 2,243 மீற்றர், கிட்டத்தட்ட முழுக்கப் படிதான். ஏறுவது பெரிதில்லை. இறங்கி வந்த மறுநாள் விடுதி மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள், லேபில் நாலு மணி நேரம் நிற்பதைப் பிறகு யோசியுங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை திங்களில் வரும் வாரமாகப் பார்த்துப் போகலாம், ஆனால் அந்த யோசனை நாட்டில் எல்லாருக்கும் வரும் என்பதால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. முடிந்தால் சாதாரண வாரநாள் இரவொன்றில் போவதே மேல்.

எல்லவை விடுமுறைக்கு ஒதுக்குங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று போட்டோ எடுப்பதைவிட அந்த ரயில் பயணம்தான் பெரிது, கடல்மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்தில் பட்டிப்பொல நிலையம், அதைத் தாண்டிச் சுரங்கத்தில் நுழைந்து வெளியே வந்தால் வானிலையே மாறியிருக்கும். கதவில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கும் வெள்ளைக்காரரைப் பார்த்து நீங்களும் தொங்காதீர்கள், பாறைச் சுவரும் சுரங்கமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை, உயிர் போயிருக்கிறது. இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதில் ரயில் பாதையும் வீதிகளும் பல இடங்களில் மண்சரிவில் அடிபட்டன. எது வரைக்கும் ரயில் ஓடுகிறது என்று கண்டி நிலையத்தில் கேட்டுவிட்டே டிக்கட்டைப் பற்றிப் பேசுங்கள். மழை பிடித்து மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தால் கேள்வியே இல்லை, அறையில் இருந்து அசைன்மென்டை முடியுங்கள்.

சரி, சாதாரண சனிக்கிழமைகளுக்கு? பேராதனையில் இருந்துகொண்டு தூரத்தையே பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கெம்பஸிலிருந்து பஸ் ஏறிக் கொஞ்ச நேரத்தில் கடலாதெனிய விகாரை. 1344இல் கட்டியது, கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னிந்தியர், தூணையும் கல் வேலையையும் பார்த்தால் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அங்கிருந்து லங்காதிலக விகாரை, எம்பெக்கே கோயில் என்று வயலும் வீடுமாக நடந்தே போகலாம். எம்பெக்கேயில் மரத்தூண்களில் செதுக்கிய உருவங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், அன்னம், மல்லர், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று போய்க்கொண்டே இருக்கும், அவசரப்பட்டால் பாதி தவறிப்போகும். அரை நாள் போதும்.

அப்புறம், வேலூர்க்காரர் நீங்கள் கண்டிக் குளத்தைச் சுற்றாமல் இருக்கலாமா? அதை வெட்டியது கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம். 1815இல் பிடிபட்டு உங்கள் வேலூர்க் கோட்டையில்தான் அடைபட்டுக் கிடந்தார், 1832இல் அங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று இருக்கிறதே, அது அவர் நினைவாக எழுப்பியதுதான். ஊரில் இருந்தபோது பார்த்திருக்க மாட்டீர்கள், லீவில் போகும்போது பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. வெளிநாட்டவர் டிக்கட் இங்கே உள்ளூர் விலையைப் போலப் பல மடங்கு. ஆனால் பல இடங்களில் இந்தியா போன்ற சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரர்களுக்குச் சலுகை விலை உண்டு. அசல் பாஸ்போர்ட் இல்லாமல் போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் கவுண்டரில் தலையாட்டிவிடுவார்கள்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் படிக்கிறாள். நகையை அடகு வைத்து அனுப்பினோம். அவளோ வாரா வாரம் புதுப் புது ஊரில் நின்று போட்டோ போடுகிறாள். கேட்டால் "படிக்கிறேன்தானே" என்கிறாள். நான் பயப்படுவது சரியா? (தலவாக்கலை வாசகி)

அக்கா, போட்டோவைப் பார்த்துச் செலவைக் கணக்குப் போடாதீர்கள். அங்கே 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கென்று ஒரு ரயில் அட்டை இருக்கிறது, அதை வாங்கி வைத்திருந்தால் பெரும்பாலான டிக்கட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும், நேரத்தோடு புக் பண்ணினால் கோச் பஸ் அதைவிட மலிவு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், தேசிய ஓவியக் கூடம் மாதிரி இடங்களில் நிரந்தரக் காட்சிக்கு டிக்கட்டே கிடையாது. ரொட்டியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போகிற பிள்ளைக்கு ஒரு நாள் சுற்றல் ஒன்றும் நகைக் கடன் அளவுக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பாடம் நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, மீறினால் விசாவுக்கே ஆபத்து. வகுப்புக்கு வராத வெளிநாட்டு மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழகம் அரசாங்கத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். ஆகவே "எங்கே போனாய்" என்று கேட்பதை விட்டுவிட்டு "திங்கள் வகுப்புக்குப் போனாயா" என்று கேளுங்கள், அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிரான்ஸ், இத்தாலி என்று பேச்சு வந்தால் மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள், நம் பாஸ்போர்ட்டுக்கு அதற்குத் தனியாக ஷெங்கன் விசா எடுக்க வேண்டும், விசாக் கட்டணம், விமானம், தங்குமிடம் என்று அங்கேதான் காசு கரையும்.

ஸ்கொட்லாந்துப் பக்கம் போனால் ஜேம்ஸ் டெய்லர் பிறந்த ஓகன்பிளே என்ற சிற்றூரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். 1867இல் இங்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர், அவர் அன்றைக்குப் போட்ட செடிதான் இன்றைக்கும் நம்மை மலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. கண்டி மஹியாவ மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது, அதை நீங்கள் போய்ப் பார்க்கலாம், ஆளுக்கொரு பக்கம்.

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து திருச்சிக்கு வந்து படிக்கிறேன். வார இறுதியில் தாத்தாவின் தாத்தா ஊரைத் தேடிப் போகலாம் என்று நினைத்தேன். முதல் தடவையே லொட்ஜில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ரூம் இல்லை என்றுவிட்டார்கள். தமிழ் பேசுகிற ஊரிலேயே இப்படியா?

மனம் நோகாதீர்கள் தம்பி, அது உங்கள் முகத்துக்குச் சொன்ன "இல்லை" அல்ல. இந்தியாவில் வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்கிற யாரும் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் என்று வழக்கத்தில் சொல்லும் ஒன்றை நிரப்பிக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சின்ன லொட்ஜ்காரர்கள் அந்தத் தலைவலி வேண்டாம் என்று ரூமையே மறுத்துவிடுகிறார்கள். போகுமுன் போன் பண்ணி "வெளிநாட்டு பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா" என்று கேளுங்கள், அசல் பாஸ்போர்ட்டும் விசாவும் கல்லூரி அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஊர் தேடுவதற்கு பஸ் ஏறுமுன் வீட்டில் இருக்கிற காகிதங்களைத் தேடச் சொல்லுங்கள். 1949 சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்ட குடும்பங்களிடம் அந்தப் பத்திரங்கள் இன்னும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கும், பழைய கடித உறை, பாஸ்போர்ட் ஏதாவது இருந்தால் அதில் கிராமமும் தாலுகாவும் எழுதியிருக்கும். "திருச்சி ஜில்லா" என்று இருந்தால் இன்றைய திருச்சிக்குள் மட்டும் தேடாதீர்கள், பெரம்பலூர், அரியலூர், கரூர் எல்லாம் அன்றைக்கு அதற்குள் இருந்தவை. காகிதமே இல்லையென்றால் அப்பாயியிடம் குலதெய்வத்தின் பெயரையும் பங்காளிகள் யார் யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் மறந்த குடும்பத்திலும் சாமி பெயர் மறந்திருக்காது. ஊருக்குள் போனதும் பெட்டிக்கடையில் அதைச் சொல்லிக் கேட்டால் கோயிலைக் காட்டுவார்கள், கோயில் பூசாரிக்கு எந்த எந்த வகையறா கும்பிட வரும் என்பது தெரிந்திருக்கும். ஒரே போக்கில் கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கிடைக்காவிட்டாலும் ஒரு சனி ஞாயிறு ராமேஸ்வரம் போய் வாருங்கள். வழியில் மண்டபம், இலங்கைத் தோட்ட வேலைக்குக் கிளம்பிய நம் ஆட்களைக் கப்பலேற்றுமுன் அடைத்துவைத்துச் சோதித்த முகாம் இருந்த இடம். 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் 1964 புயலோடு போயிற்று, இடிந்த ரயில் நிலையமும் தேவாலயமும் மணலில் நிற்கின்றன. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் போகிறது, அதன் பக்கத்தில்தான் பழைய 1914 பாலம் போட்டார்கள், அந்தப் பழையதில்தான் நம் பாட்டன்மார் பலர் வந்தார்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்து கண்டியில் படிக்கிறேன். கூடப் படிக்கும் தோழி பொகவந்தலாவையில் தோட்டத்து வீட்டுக்கு அழைக்கிறாள். என்ன வாங்கிப் போவது? கொழுந்து பறிப்பதைப் படம் எடுக்கலாமா?

கட்டாயம் போங்கள் மகள், ஹோட்டலில் தங்கி நாலு நீர்வீழ்ச்சி பார்ப்பதைவிட இது நல்ல யோசனை. பழம், பிஸ்கட், பாண் எதுவும் வாங்கலாம், டவுனில் அழகாகப் பெட்டியில் விற்கும் தேயிலையை மட்டும் தயவுசெய்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வரும், காரம் அதிகம், முதல் வாயிலேயே தண்ணீர் கேட்டால் வீடே சிரிக்கும்.

படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், ஆனால் மலையில் வேலை நேரத்தில் நிறுத்தி வைத்து, கூடையைத் திருப்புங்கள், சிரியுங்கள் என்று சொல்லாதீர்கள். அன்றைக்குச் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான் விழும், அதாவது பாதிச் சம்பளம். சுற்றுலாக்காரர் நிறுத்தி வைக்கிற பத்து நிமிடம் யார் கணக்கில் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். நிறுவைக்குக் கொழுந்தைக் கொட்டிவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குத் திரும்பிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், அவர்களே சேலை மாற்றிக்கொண்டு வருவார்கள். இன்னும் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் கம்பளைப் பக்கம் பழைய லயன் வீடொன்றிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மழைக்காலமென்றால் அட்டை ஏறும், காலில் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துவிட்டுச் சொக்ஸ் போடுங்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று போன உடனேயே தோழியிடம் கேட்டுவையுங்கள், சில இடங்களில் பொழுது சாயுமுன்னமே போய்விடும். இரவு தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு கம்பளியும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற நல்ல கம்பளியை உங்களுக்குத் தந்துவிட்டு அவர்கள் குளிரில் கிடப்பார்கள், கேட்டால் பழகிவிட்டது என்பார்கள்.