பரல்ல தவறணை மணம்

கேள்வி: ஐயா வணக்கம், நான் பரந்தன்ல கோழி வளர்க்கிறன். தீன் விலை தாங்கேலாமல் ஈஸ்ட் வளர்த்து கலக்கலாம் எண்டு 2 லீற்றர் போத்தல்ல கொஞ்சம் கொஞ்சமா சீனி போட்டு ஆட்டிப் பார்த்தனான், நல்லா வந்தது. அதை நம்பி 200 லீற்றர் பரல்ல 20 கிலோ சீனியை ஒரேயடியா கொட்டி மீன்தொட்டி மோட்டரும் விட்டனான், காய வச்சா 2 கிலோதான் தேறிச்சு, மணம் வேற ஒரு மாதிரி. என்ன பிழை?

பதில்: தம்பி, அந்த மணம் கள்ளு மணமோ எண்டு முதல்ல சொல்லுங்கோ! நீங்கள் தீன் செய்யேல்ல, தவறணை திறந்திருக்கிறியள்.

ஈஸ்டுக்கு காத்து காணாட்டி, இல்லை காத்து இருந்தும் சீனி அளவுக்கு மிஞ்சினா, சீனியை உடம்பாக்காமல் மதுசாரமாக்கிப் போடும். காத்து நல்லாக் கிடைச்சா 1 கிலோ சீனிக்கு அரைக்கிலோ அளவு உலர்ந்த ஈஸ்ட் எடுக்கலாம், இல்லாட்டி 100 கிராம்தான். உங்கட 2 கிலோ எப்பிடி வந்தது எண்டு இப்ப கணக்குப் பாருங்கோ. 30 பாகையில ஒரு லீற்றர் தண்ணி பிடிச்சு வச்சிருக்கிற ஒட்சிசனே 7, 8 மில்லிகிராம்தான், நிறைஞ்ச ஈஸ்ட் அதை கண் மூடித் திறக்க முதல் குடிச்சு முடிச்சிடும், மீன்தொட்டி மோட்டர் எந்த மூலைக்கு? பெரிய கொம்பிரசர், சின்னச் சின்னக் குமிழி, விடாத கிளறல் மூண்டும் வேணும்.

போத்தல்ல சரிவந்ததுக்கு நீங்களே காரணம் எழுதியிருக்கிறியள், "கொஞ்சம் கொஞ்சமா" எண்டு. பாண் ஈஸ்ட் செய்யிற கொம்பனியளும் அப்பிடித்தான், சீனிப்பாணியை சொட்டுச் சொட்டா விட்டு, ஈஸ்ட் பெருகப் பெருக சொட்டைக் கூட்டுவினம். கள்ளு மணம் எழும்பினா சீனிப்பாணி வாற குழாயைப் பாதி பூட்டுங்கோ, காத்து இருந்தா அந்த மதுசாரத்தையும் ஈஸ்ட் திண்டு தீர்க்கும்.

அடுத்தது, ஈஸ்ட் பெருகேக்க கிளம்புற சூடு. ஈர நெல்லைக் குவிச்சு ரெண்டு நாள் விட்டு உள்ளுக்க கை வச்சுப் பார்த்திருப்பியள்தானே, அதே கதைதான். கொள்ளளவு 100 மடங்கு கூடேக்க, அதே வடிவப் பாத்திரத்தில வெளித்தோல் 21, 22 மடங்குதான் கூடும், அப்ப சூடு எதால வெளியேறுறது? பரலுக்குள்ள ஒரு பைப் சுருளை இறக்கி கிணத்துத் தண்ணி ஓட்டுங்கோ, வன்னி வெயில்ல நிழல் மட்டும் காணாது.

காய வைக்கிறதிலயும் காசு விடாதேங்கோ, ஒரு இரவு அடைய விட்டு மேல்த் தண்ணியை வடிச்சிட்டு அடியில கிடக்கிற களியை மட்டும் காய வையுங்கோ.