வலிக்காத நோய்க்கு எரிகிற மருந்து

கண் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 58. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் அழுத்தம் 28 என்று சொல்லி, தினமும் இரவில் லட்டானோபிராஸ்ட் ஒரு சொட்டு விடச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் 18-க்கு இறங்கியது. சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் ஆகிறது. பார்வையில் ஒரு குறையும் இல்லை. மருந்து விட்ட நாட்களில்தான் கண் எரிந்தது, சிவந்தது. நன்றாக இருக்கிற கண்ணுக்கு எதற்கு மருந்து என்று கேட்டால் மகன் சண்டைக்கு வருகிறான். நீங்களே சொல்லுங்கள், டாக்டர்.

பதில்: சண்டையில் நான் உங்கள் மகன் பக்கம். ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த 18. அது மருந்து காட்டிய கணக்கு. உங்கள் கண்ணின் சொந்தக் கணக்கு 28தான். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. (கண்ணீர் வேறு, இது வேறு.) வடிகால் மந்தமானால் உள்ளே அழுத்தம் ஏறும். 10 முதல் 21 வரை வழக்கமான அளவு என்கிறோம். லட்டானோபிராஸ்ட் அந்த வடிகாலைப் பழுது பார்த்துக் கொடுத்துவிடுவதில்லை. நீர் பெரும்பாலும் வேறொரு பக்கமாகக் கசிந்து போக வழிவிடுகிறது. ஒரு சொட்டின் வேலை ஏறக்குறைய ஒரு நாள். நிறுத்திவிட்டால் சில வாரங்களில் அழுத்தம் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, ‘பார்வையில் ஒரு குறையும் இல்லை’. என் அறையில் நான் கேட்டுப் பயப்படுகிற வாக்கியம் இது. பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைத்தான் கிளாக்கோமா என்கிறோம்; கண் அழுத்தம் ஏறினால் அந்த ஆபத்து கூடும். அப்போது பெரும்பாலும் முதலில் போவது ஓரப் பார்வை. ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மற்றக் கண் மறைத்துவிடும். மிச்சத்தை மூளை இட்டுக்கட்டி நிரப்பிவிடும். கறுப்பாக ஒரு திட்டும் தெரியாது. பக்கவாட்டில் வருகிறவர் மேல் இடித்துக்கொண்டு, “பார்த்து வரக் கூடாதா?” என்று அவரையே கடிந்துகொள்வோம். செத்த இழையை உயிர்ப்பிக்க எந்தச் சொட்டு மருந்தாலும் முடியாது.

இனி உங்கள் பக்க நியாயம். அழுத்தம் 28 இருப்பதாலேயே அது கிளாக்கோமா ஆகிவிடாது. நரம்பு பழுதானால்தான் அந்தப் பெயர். 16 இருந்தும் நரம்பு கெட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் அழுத்தம் மட்டும் கூடியிருந்த, நரம்பு நன்றாக இருந்த ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கிக் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் கிளாக்கோமா வந்தவர்கள் சொட்டு விட்ட பிரிவில் 4.4 சதவீதம், விடாத பிரிவில் 9.5 சதவீதம். மருந்து ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. அதே சமயம் மருந்து விடாதவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பினார்கள். ஆகவே சிலரை மருந்தில்லாமல் கண்காணித்தே வரலாம். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்பதை நரம்பின் நிலை, கருவிழியின் தடிமன், வயது, பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கண் சிவந்ததை வைத்து முடிவுசெய்ய முடியாது. இந்த வாரமே போய் அழுத்தம், பார்வைப் பரப்புப் பரிசோதனை, நரம்பு ஸ்கேன் மூன்றையும் எடுத்துவிடுங்கள். எரிச்சலையும் சொல்லுங்கள். குப்பியில் சேர்க்கிற பதப்படுத்தும் ரசாயனமே பலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது சேர்க்காத மருந்தும் கிடைக்கிறது.

சொல்லிவிடுகிறேன், நானும் உங்கள் கட்சிதான். ஆறு வருடத்துக்கு முன் புதிதாக வந்த கருவியைச் சோதிக்க என் கண்ணையே நீட்டினேன். 27 காட்டியது. கருவிதான் கோளாறு என்று இரண்டு நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்தை முதல் இரவு கண்ணாடி முன் நின்று விட்டபோது, முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது, இரண்டாவது இமை முடியில். மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ‘ராத்திரி ஒரு சொட்டு’ என்று ஒரே வரியில் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

இப்போது படுத்துக்கொண்டுதான் விடுகிறேன். கீழிமையை ஒரு விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். குப்பி பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் தெரியாது. மேலே பார்த்தபடி ஒரே ஒரு சொட்டு. குப்பியின் முனை இமையில் படக் கூடாது. அந்த ஒரு சொட்டே கண் தாங்குகிற அளவைவிட அதிகம், இரண்டாவது வழிந்துதான் போகும். பிறகு இமையை இறுக்காமல் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கேதான் மூக்குக்குள் இறங்குகிற குழாய் இருக்கிறது. தொண்டையில் கசந்தால் மருந்து அந்த வழியாக இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, பழைய ஆஸ்துமா. கண் அழுத்தத்துக்குக் காலையும் மாலையும் டிமோலால் விடுகிறோம். பத்து நாளாக மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது. கண் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. அடுத்த சொட்டு விடுவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சு திணறினால் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். டிமோலால் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித்துடிப்பையும் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதைத் தரக் கூடாது. ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்க வேண்டியது எழுதிக்கொடுத்தவரின் வேலை. ஒருமுறை நானே கேட்கத் தவறியிருக்கிறேன் என்பதால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மாற்று மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: கண் அழுத்தத்துக்குப் பைமாட்டோபிராஸ்ட் சொட்டு விடுகிற கண்ணில் மட்டும் இமை முடி நீளமாக வளர்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இமை முடி வளர்வதற்காகவே 2008-இல் அமெரிக்காவில் அதற்குத் தனியாக அனுமதி கொடுத்தார்கள்! வழிகிற மருந்தை உடனே துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இமைத் தோல் கறுக்கும். அந்தக் கறுப்பு மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மங்கும்.

கேள்வி: இரண்டு சொட்டு மருந்துகளை அடுத்தடுத்து விடலாமா? ஒரு இரவு மறந்துபோனால்?

பதில்: நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள்; உடனே விட்டால் இரண்டாவது முதலாவதை அடித்துக்கொண்டு போய்விடும். மறந்துபோனால், நினைவு வந்ததும் விடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதையே விடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். குப்பி திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைத்து, பெரும்பாலான மருந்துகளை நான்கு வாரத்தில் எறிந்துவிட வேண்டும். மறக்காமலிருக்க நான் குப்பியைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்படியும் போன மாதக் கடைசியில் குப்பியை ஆட்டிப் பார்த்தபோது, இருக்கக் கூடாத அளவு மிச்சம் இருந்தது.