வாசகர் கேள்வி – பதில்: பங்காளிகள் வீடும் ஊரார் பங்கும்

கேள்வி: எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டில் இன்று பதினேழு புள்ளிகளுக்கு, அதாவது மணமான குடும்பங்களுக்கு, பங்கு இருக்கிறது. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே கதவைத் திறக்கிறோம். இரண்டாம் கட்டில் மழை ஒழுகுகிறது. தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டைக் காப்பாற்ற வழி உண்டா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பங்காளிகளின் மனம் ஒன்றுபடட்டும் என்று காத்திராமல், வரும் ஐப்பசிக்குள் ஒழுகலை நிறுத்துங்கள். ஒரு நாட்டு ஓடு விலகினால் முதல் மழையில் கூரையின் மரச்சட்டம் நனையும். அடுத்தடுத்த மழையில் மரம் இற்று, சுவரின் தலைப்பகுதி ஊறி, சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். விழுந்த இடத்தில் சிமென்டைப் பூசச் சொல்பவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட்டு உலர்வது. மேலே சிமென்ட் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, நன்றாக இருந்த பூச்சையும் சேர்த்துத் தள்ளும்.

விற்பனையைப் பற்றி அஞ்சுகிறீர்கள் என்று தெரிகிறது. பிரிவினையாகாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கும் வெளியார், சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, உங்களோடு கூட்டாகக் குடியேறும் உரிமையைப் பெறுவதில்லை. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குத் தொடுத்தால், அந்தப் பங்கைத் தாங்களே விலைக்கு எடுத்துக்கொள்வதாகக் குடும்பத்தார் கோருவதற்கு 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடமளிக்கிறது. உங்கள் பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரான்சில் 1932-இல் தீக்கிரையாகிப் பாழடைந்து கிடந்த லா மோத் ஷாந்தெனியே என்னும் கோட்டை மாளிகையை, 2017-இல் ஆளுக்கு 50 யூரோவும் அதற்கு மேலுமாகப் போட்டு, ஒருவரையொருவர் அறியாத 18,000-க்கும் மேற்பட்டோர் கூட்டாக வாங்கினார்கள். அவர்களால் முடிந்தது பதினேழு பேரால் முடியாதா என்று கேட்பது எளிது. அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள்; நீங்கள் பிறப்பால் சேர்ந்தவர்கள், முப்பது வருட மனத்தாங்கலும் பங்கோடு சேர்ந்தே வந்திருக்கும். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரிடம் இருக்கிறது. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகியவர்கள் நீங்கள். அதே கணக்கில் வீட்டுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதி, எல்லோரும் கூடும் படைப்பு நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஓடு பார்ப்பதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால் போதும். தூண் விற்கும் பேச்சு பெரும்பாலும் பெரிய மராமத்துச் செலவைக் கண்டு மிரண்ட பிறகுதான் தொடங்குகிறது.

கேள்வி: பாரம்பரியத்தைக் காக்க ஊர் மக்கள் முன்வர வேண்டும் என்று மாளிகைக்காரர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். வீடு அவர்களுடையது, வருகிற காசும் அவர்களுடையது. என் வீட்டுக்காரர் கொத்தனார். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கேள்வி நியாயமானது. கூலியும் மரியாதையும் இல்லாமல் கேட்கப்படும் "பங்கேற்பு", இலவச வேலைக்கு இட்ட நல்ல பெயர் என்பதே என் கருத்து.

யுனெஸ்கோவின் உலக மரபுக் குழுகூட, தன் இலக்குகளில் மக்கள் சமூகத்தை 2007-இல்தான் சேர்த்துக்கொண்டது. 2014-இல் அதன் தற்காலிகப் பட்டியலில் ஏறியது எந்த ஒரு மாளிகையும் அன்று. தெருக்களும் ஊருணிகளும் சேர்ந்த செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள். வீட்டின் உள்முற்றமான வளவில் விழும் மழைநீர் வடிகால் வழியே தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும்படி அமைத்த ஊர்களில், ஊருணி தூர்ந்தால் மாளிகையின் அடித்தளமும் ஈரத்தில் நிற்கும். ஆகவே படப்பிடிப்புக்கும் பார்வையாளர்களுக்கும் கதவைத் திறந்து கட்டணம் பெறும் வீடுகள், அதில் ஒரு பகுதியை ஊருணி, வடிகால் பராமரிப்புக்குத் தர வேண்டும் என்று கிராம சபையிலோ ஊர்க்கூட்டத்திலோ கேட்பதில் தவறேதும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரரின் கைவேலை இதைவிடப் பெரிய பங்கு. சுண்ணாம்பை ஊறவைத்துச் சலித்து அரைத்து, பல பூச்சுகள் ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்த்து, வழுவழுப்பான கல்லால் முகம் தெரியும்வரை தேய்க்கும் வேலை ஏட்டைப் பார்த்து வருவதன்று. அது அவருக்குத் தெரியுமானால், சிமென்ட் வேலைக்குரிய கூலிக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு இளைஞர்களைக் கூட வைத்துக்கொள்ளவும், அவர்களுடைய கூலியையும் மாளிகைக்காரர்களே தரவும் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கோட்டைக்கு அருகில் குடியிருப்பதால் வீட்டு மராமத்துக்கும் அனுமதி கேட்கிறார்கள். கோட்டைச் சுவரில் முளைத்த அரசங்கன்றை நாங்களே பிடுங்கப் போனாலும் தடுக்கிறார்கள். பிறகு எப்படி எங்களுக்கு அதன்மேல் பற்று வரும்?
– வாசகர், திருமயம்

பதில்: கன்றைப் பிடுங்கவிடாதது சரியே. வேர் கல்லிடுக்கில் ஓடியிருக்கும். இழுத்தால் கல்லும் வரும், மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; கன்றைப் படம் எடுத்து, தேதியிட்டு, துறைக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள்.

மராமத்துக் குறை வேறு. 2010-இல் திருத்தப்பட்ட தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழைய வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி பெறலாம். அந்த 100 மீட்டருக்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுவதற்கும் அனுமதி தேவை. ஆனால் அதே சட்டம் ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித் துணைவிதிகள் வகுக்கச் சொல்கிறது. அவற்றின் வரைவு வெளியிடப்பட்டு, பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்படும். அப்போது தெருவார் ஒன்றுகூடி, எந்த வீடு எத்தனை மீட்டரில் உள்ளது, எந்தக் கூரைக்கு என்ன வேலை நின்றுபோயிருக்கிறது என்று பட்டியலிட்டு அனுப்புங்கள்.